பேபி ஆன்ட்டியின் அரைச் சுற்று

பிளேக் ஒழிந்ததற்குச் சார்மினார் கட்டினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி எங்கள் பேபி ஆன்ட்டிக்கு எட்டு மினாராவது கட்ட வேண்டும். ஹைதராபாத் ஜனங்கள் இன்றைக்கும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள் என்றால், அது லோத்குண்டா பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்ற ஒரு பழைய ஆம்னி வேனின் தயவு. ஆன்ட்டி கையெழுத்துப் போடாமல் செகந்திராபாத் மேலே ஒரு மேகம்கூட நகர்ந்தது கிடையாது. உசேன் சாகர் ஏரி நடுவே புத்தர் சிலை இருமாமல் நிற்பதே அவர் புண்ணியத்தில்தான்.

வேனுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், ஒரு கேமரா, ஒரு சின்ன ஃபேன், ஆன்ட்டி. பொல்யூஷன் சர்டிஃபிகேட் கொடுக்கிற வேன். வண்டியை ஆஃப் பண்ணாமல் நிறுத்தினால், சைலன்ஸருக்குள் ஒரு நீளக் குழாயைச் செருகுவார். புகையில் விஷம் எவ்வளவு என்று மெஷின் சொல்லும். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து. இந்த வேலைக்கு முன்னால் ஆன்ட்டி ஸ்டேஷன் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர். ஆளாளுக்குச் செல்ஃபோன் வந்து பூத்தை மூடியதும் இங்கே வந்தார்.

"முன்ன ஜனங்க பேச்சுக்கு மீட்டர் பாத்தேன், இப்ப அவங்க வண்டிப் புகைக்கு மீட்டர் பாக்குறேன். பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்லடா நோவா" என்பார். நோவா நான்தான். பக்கத்து வீடு.

வீட்டுக்காரர் ஜெயகரன் அங்கிளுக்குப் பட்டான்செருவில் மருந்து கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அங்கிள் வந்தால் மருந்து நெடி, ஆன்ட்டி வந்தால் பெட்ரோல் நெடி. இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருபது வருஷம் சண்டை போடாமல் இருந்தன. பிள்ளை இல்லை. சர்ச்சில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் சொல்கிற "நக்கோ" என்று ஒரே வார்த்தையில் ஆன்ட்டி முடித்துவிடுவார்.

ஒரு தடவை, ஆன்ட்டி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், ஒரு பீடியை இழுத்து அந்தக் குழாய்க்குள் ஊதிப் பார்த்தேன். திரும்பி வந்தவர் திட்டவில்லை. பொறுமையாக உட்கார்ந்து டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்தார். ஓனர் பெயர்: நோவா. வண்டி வகை: டூ ஸ்ட்ரோக். ரிசல்ட்: ஃபெயில். கையெழுத்துப் போட்டு எங்கள் அம்மாவிடம் கொடுத்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு வாங்கியதைவிட அன்றைக்கு அதிகம் வாங்கினேன்.

ஆன்ட்டியிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஊருக்கே தெரிந்த ரகசியம். கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பது அதன் பொறுப்பு. ஃபெயிலாகிற வண்டியில் அதை அரைச் சுற்று திருப்பினால் பெட்ரோல் குறையும், புகை சுத்தமாகும், மெஷின் பாஸ் சொல்லும். ஆனால் அப்படியே ஓட்ட முடியாது. பட்டினி கிடக்கிற வண்டி தும்மும், நிற்கும். அதனால் பிரிண்ட் வந்ததும் அரைச் சுற்று பழையபடி திருப்பி விட்டுத்தான் அனுப்புவார். மற்ற வேன்காரர்கள் குழாயைச் செருகாமலே சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். ஆன்ட்டிக்கு அது ஆகாது.

"நான் பொய் எழுதுறதில்ல. அந்த ஒரு நிமிஷம் வண்டி சுத்தமாத்தானே இருந்துச்சு?"

தினேஷ் அண்ணா 2007இல் ஆன்ட்டி வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தார். அருப்புக்கோட்டைக்காரர், மாதாப்பூரில் சாஃப்ட்வேர். ஊரே ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவரை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கால் பீஸ் அவருக்குப் போய், கழுத்து எனக்கு வந்தது. அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் இருந்தது. தொண்ணூற்றொன்பது மாடல். மாற்றலாகிப் போன ஒரு மேஜரிடம் வாங்கியது. அதே பைக் ஷோரூமில் புதிதாகக் கிடைக்கும்போது இந்தக் கிழம் எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்துல புகைச் சட்டம் வந்துச்சுல்ல தம்பி, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் கழுத்தை நெரிச்சு விட்டது. பெட்ரோல் போற ஓட்டையச் சின்னதாக்கிட்டான். சைலன்ஸர் வாயில ஒரு ட்யூப் வச்சுக் காத்து ஊதுறான், புகை கம்மியாத் தெரியணும்னு."

"பால்ல தண்ணி ஊத்துற மாதிரியா?"

"அதேதான். என்னுது தண்ணி கலக்காத பால்."

துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி திரும்பினார். "ரொம்பப் பீத்திக்காத தம்பி. உன் வண்டிக்கு மெஷின் நாலரை வரைக்கும் விடும், புதுசுக்கு மூணரைதான். ரயில்ல கெழவனுக்குக் கீழ் பெர்த் குடுக்குற மாதிரி."

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. திருமலகிரியில் போலீஸ் சர்டிஃபிகேட் கேட்கிறது என்று யாரோ சொல்ல, வேன் முன்னால் இருபது வண்டி நின்றது. தினேஷ் அண்ணாவின் வண்டி ஐந்து புள்ளி ஒன்று காட்டியது. ஆன்ட்டி இறங்கி வந்து ஸ்க்ரூவைத் திருப்பினார். நாலு புள்ளி இரண்டு. பிரிண்ட் கொடுக்கிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே போய் அதை எழுப்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே ஹாரன். கடைசியில் காகிதம் வந்தது. ஜன்னல் வழியாக நீட்டினார், அண்ணா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார், அடுத்த வண்டி வந்துவிட்டது. நான் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

எஞ்சின் சூடாக இருந்ததால் வீடு வரை வண்டி ஒழுங்காக வந்தது. ஞாயிறு முழுக்க விட்டு விட்டு மழை. அண்ணா வண்டியைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் சந்திலிருந்து மெயின் ரோட்டைத் தாண்டும்போது, தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. அதற்குள் போய்விடலாம் என்று அண்ணா ஆக்ஸிலரேட்டரைத் திருகியிருக்கிறார். முனையில் டீக்கடை வைத்திருக்கிற சின்னசாமி பார்த்தவர்.

"வண்டி ரெண்டு தரம் தும்முச்சு. நடு ரோட்டுல நின்னுருச்சு. பையன் காலால கிக்கரைத் தேடுனான்."

லாரியால் நிற்க முடியவில்லை.

நாங்கள் ஓடிப் போனபோது அண்ணாவை ஒரு பேனர் துணியால் மூடியிருந்தார்கள். சின்னசாமி கூட்டத்துக்கு மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தும்முச்சு என்று அவர் சொன்னதும் ஆன்ட்டி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் அருப்புக்கோட்டையிலிருந்து அண்ணாவின் அப்பா வந்தார். அந்த வலது கையைத்தான் பிடித்துக்கொண்டார். "எம் மகன் போன்ல பாதி நேரம் ஒங்க சமையலத்தான் பேசுவான் தாயி." ஆன்ட்டி கையை உருவிக்கொண்டார். அண்ணாவின் உடம்போடு அப்பா ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே ஆன்ட்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். தனியாக விடாதே என்று அம்மா என்னை அனுப்பினாள். எஸ்.ஐ. நல்ல மனுஷன், நாற்காலி போட்டார். ஆன்ட்டி இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார்: ஸ்க்ரூ, அரைச் சுற்று, கம்ப்யூட்டர், மறந்தது. எஸ்.ஐ. கடைசிவரை கேட்டார்.

"எதுக்கு அம்மா இதெல்லாம்? கேஸ் லாரி டிரைவர் மேல போட்டாச்சு. நீங்க புதுசா ஒண்ணு சொல்லிக் குழப்பாதீங்க."

வண்டியையாவது பார்க்கிறேன் என்றார் ஆன்ட்டி. பின்புறம் ஒரு குவியலில் கிடந்தது. கார்புரேட்டர் இருந்த இடம் தகரமாக நசுங்கிப் போயிருந்தது. ஸ்க்ரூ எங்கே, அது எவ்வளவு திரும்பியிருந்தது என்று இனி கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் விரலால் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது எஸ்.ஐ. கேட்டார்: "நாளைக்கு வேனைத் திறப்பீங்களா அம்மா? நம்ம ஸ்டேஷன் வண்டிக்கெல்லாம் தேதி முடிஞ்சு போச்சு."

ஆன்ட்டி வேனைத் திறக்கவே இல்லை. முதலில் சர்ச் நின்றது, அப்புறம் சமையல், அப்புறம் பேச்சு. மாடிக்குப் போகிற கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்துக் கொஞ்சமாகத் திருப்பும். திருப்பி, பழையபடி கொண்டுவரும். அது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா, எனக்குத் தெரியாது. அக்டோபரில் அவர் நைட்டி இரண்டு பேருக்குக் காணும் அளவுக்குத் தொளதொளத்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொட்டிச் செடிக்குள் புதைத்து வைத்திருந்ததை அங்கிள் கண்டுபிடித்தார்.

"நீ போய் ஏதாச்சும் வம்பு பண்ணுடா. திட்டவாவது வாயைத் திறக்கட்டும். இப்படியே போனா இவளும் போயிருவா" என்றார் என்னிடம். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் செருப்பைப் பார்த்தேன்.

வம்பு எனக்குத் தெரிந்த தொழில். அண்ணாவின் சைலன்ஸரில் உருளைக்கிழங்கு அடைத்ததும், பிளக் வயரைக் கழற்றி விட்டதும் தெரு அறிந்த விஷயம். கார்புரேட்டர் இல்லை, சாட்சி இல்லை. பழியை வேறு ஆள் எடுத்துக்கொண்டால் ஆன்ட்டி இறக்கி வைத்துவிடலாம். மெக்கானிக் கடைக்குப் போய், அதே கம்பெனி பைக் ஒன்றில், இரண்டாயிரத்து மூன்று மாடல், ஸ்க்ரூ எங்கே இருக்கிறது, எப்படித் திருப்பினால் தும்முகிறது என்று மூன்று தடவை திருப்பிப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டேன். ஸ்கூல் பாடத்தை இப்படிப் படித்திருந்தால் இந்நேரம் கலெக்டர்.

சாயங்காலம் படிக்கட்டுக்குப் போனேன்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டத் தெம்பில்ல. சொல்லு."

"அந்த ஞாயித்துக்கிழமை தினேஷ் அண்ணா வண்டிய நான்தான் நோண்டினேன். காலைல ஸ்டார்ட் ஆகாம முழிக்கட்டும்னு. ஸ்க்ரூவத் திருப்பி விட்டேன். நீங்க அரைச் சுத்துதான் விட்டீங்க. மீதி நான்."

விரல்கள் நின்றன. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எப்ப?"

"மழை விட்டப்ப. அஞ்சு மணி இருக்கும்."

"எதால?"

"அம்மா தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால."

"ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எஞ்சின் பக்கம்."

"எஞ்சின் பக்கமா?" என்றார். குரலில் எதுவும் இல்லை.

"இல்ல, இல்ல. ஏர் ஃபில்டர் பக்கம் ஆன்ட்டி. குனிஞ்சு பண்ணதுல சரியா ஞாபகம் இல்ல."

"ஹவ், சரி. எப்படித் திருப்பின?"

"உள்ள. முழுசா ஒரு சுத்து, டைட்டா." இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆன்ட்டி படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் முன்னால் வந்து நின்றார். அறை விழப் போகிறது, விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலையில் கை வந்து உட்கார்ந்தது. எலும்பாக இருந்தது.

"புது மாடல்ல ஸ்க்ரூ எஞ்சின் பக்கம். அது பெட்ரோலுக்கு. உள்ள போனா பெட்ரோல் கொறையும், வண்டி தும்மும். அவனுது பழசு. ஃபில்டர் பக்கம் இருக்கிறது காத்துக்கு. உள்ள போனா காத்துதான் கொறையும், பெட்ரோல் கூடும். நல்லாப் புகை விட்டுக்கிட்டுப் போயிருப்பான்."

கையை எடுக்கவில்லை.

"நீ நெஜமாவே அதைப் பண்ணியிருந்தா, நான் மறந்தது சரியாப் போயிருக்கும். திங்கக்கிழமை அவன் அந்த ரோட்டைத் தாண்டியிருப்பான்டா நோவா."