அம்மா ஒட்டிய சிவப்பு அம்பு

நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு என் அம்மாதான் பொறுப்பு. தையல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால், அதன்மீது சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஆடையை ஒதுக்கிவிடுவார். அந்த அம்பை எதிர்த்து முதலாளிகூட வாதாடுவதில்லை.

சென்ற ஆண்டு அவருடைய இரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டது. மருத்துவர் ஒரு மாத்திரை எழுதித் தந்து, இரண்டு வாரம் கழித்துச் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் முன்பு 0.9 ஆக இருந்தது; இப்போது 1.1. ஆய்வகத்தார் அதைத் தடித்த எழுத்தில் வேறு அச்சிட்டிருந்தார்கள். அன்று மாலையே அந்த எண்ணின் அருகில் சிவப்பு அம்பு ஏறியது. மாத்திரை அட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது.

"பிரஷர் மாத்திரை கிட்னியக் கெடுக்கும்னு ஊரே சொல்லுது கண்ணு. இப்பப் பிரிண்டே போட்டுக் குடுத்துட்டாங்க."

சமூகப்பணியில் முதுகலை படித்தவள் நான். மூன்று நாள் பிரசாரம் செய்தேன். சிறுநீரகத்தைப் படமாக வரைந்தேன். உயர் அழுத்தம்தான் அதன் நுண்குழாய்களைச் சிதைக்கும் என்றும், இவ்வகை மாத்திரை அங்குள்ள அழுத்தத்தைத் தணிப்பதால் தொடக்கத்தில் அந்த எண் சற்று ஏறலாம் என்றும், நாளடைவில் அதுவே காப்பு என்றும் விளக்கினேன். அம்மா பொறுமையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாஞ் செரி சாமி. எவ்வளவு ஏறலாம்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

நான் வரைந்த படத்தில் அந்த எண் இல்லை.

"அளவு தெரியாமயே பாஸ் பண்ணச் சொல்றியே! உன்னையெல்லாம் செக்கிங் டேபிள்ல அரை நாள் வெக்க மாட்டாங்க."

நான்காம் நாள் அவருக்குத் தலை சுற்றியது. அழுத்தம் பழையபடி ஏறியிருந்தது. பயந்துபோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அறிக்கையைப் பிரித்தவர் சிரித்துவிட்டார்.

"இது யாருங்க ஒட்டுனது?"

"நாந்தானுங்க டாக்டர். இதுக்கு டாலரன்ஸ் எவ்வளவுங்க? எது வரைக்கும் ஏறுனா பாஸ் பண்ணலாமுங்க?"

"புதுசா ஆரம்பிச்சப்ப, பழைய அளவுல கால் பங்கு வரைக்கும் ஏறுனா நாங்க பயப்பட மாட்டோங்க. அதுக்கு மேல போனாலோ பொட்டாசியம் ஏறுனாலோ மாத்துவோம். அதப் பாக்கத்தானுங்க டெஸ்ட்டே. நீங்களா நிறுத்தக் கூடாதுங்க."

அம்மா மனத்துக்குள் கணக்குப் போட்டார். "அப்ப இது அளவுக்குள்ளதான் இருக்குது" என்று நகத்தால் அம்பை உரித்தெடுத்தார்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்படறீங்களா?"

"இல்லீங்க. கால்வலிக்கு மட்டும் நெதமும் ஒண்ணு. நின்னுட்டே பாக்கற வேலைங்களா, மெடிக்கல்ல வாங்கிக்கறதுங்க."

மருத்துவரின் சிரிப்பு நின்றது. "கிட்னிக்கு ஆகாதது அதுதானுங்க. தெனமும் தின்னா கெடுக்கும். பிரஷர் மாத்திரையோட சேந்தா இன்னும் மோசம்."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மூணு நாள் பேசுனியே, இத ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த வலி மாத்திரையைப் பல முறை கடையில் வாங்கி வந்ததே நான்தான். படம் வரைந்தபோது தாள் பறக்காமலிருக்க அதன் மீது வைத்ததும் அந்த அட்டையைத்தான்.

அம்மா கைப்பையைத் திறந்து அதை வெளியே எடுத்தார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அம்பை அதன் நடுவில் அழுத்தி ஒட்டினார். பையில் இன்னோர் அம்பு இல்லை. இருந்திருந்தால் அது என் நெற்றிக்கு வந்திருக்கும்.