விடியுமுன் திறக்கும் காப்பகம்

சுனாமிக்கு மறுவருடம், வீடிழந்தவர்களுக்குப் போட்ட எர்ணாவூர் தகரக் கொட்டகைகளில் ரமாபாயும் அவளுடைய சங்கத்துப் பெண்களும் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். தாய்மார்கள் விடியுமுன்பே காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள்; பிள்ளைகளுக்கு வேறு நாதியில்லை.

பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று பால் கொடுத்து உதவியது. சில மாதம் போனதும் அதன் அதிகாரி அன்புமணி வந்தார். இனிமேல் காப்பகம் நிறுவனத்தின் பெயரில்தான் நடக்கும், ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்றார்.

"அதுக்குள்ள ஏலமே முடிஞ்சிடும் சார்!" என்றாள் ரமாபாய்.

"மேலிடத்து முடிவும்மா. ஒத்துக்கலைன்னா பால் நின்னுடும்."

ரமாபாய்க்குச் சுருக்கென்றது. "பாலு குடுத்தீங்கோ, சந்தோசம். அதுக்காவ எங்க புள்ளைங்கள எப்ப பாத்துக்கணும்னு நீங்க சொல்லுவீங்களா? போய்ட்டு வாங்க சார்."

மறுநாளே பால் நின்றது. எதிர்வரிசையில் நிறுவனம் பொம்மைகளோடு தனிக் காப்பகம் திறந்தது. பாதிப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள்.

"இன்னாத்துக்குக்கா இந்த வீம்பு?" என்று சங்கத்துப் பெண்களே கேட்டார்கள். ரமாபாய் பாலுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள்.

ஆனால் அது திறக்கும் ஒன்பது மணிவரை பிள்ளைகளை யாரிடம் விடுவது? தாய்மார்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எதிர்க் காப்பகம் காலியானது. அன்புமணி மறுபடி வந்து நின்றார்.

"பால் அனுப்புறோம்மா. நீங்களே நடத்துங்க."

"பேரு எங்க சங்கத்து பேரு. நேரமும் எங்க நேரம். சரியா?"

"மேல கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுகினு வாங்க. நாங்க இங்கதான் கீறோம்."

மேலிடம் இறங்கி வர மழைக்காலம் ஆயிற்று. அதுவரை கஞ்சிதான்.