பெட்டி சுடுது என்றார் பெரிய மாப்பிள்ளை

வெம்பக்கோட்டை சுந்தரபாண்டிக்கு ஆண்பிள்ளை கிடையாது. பெண்கள் இரண்டு. மூத்தவள் பாண்டிலட்சுமியை அச்சங்குளத்து ஜெயபாண்டிக்குக் கொடுத்தார். ஜெயபாண்டி வேறு யாருமில்லை, சுந்தரபாண்டியின் மனைவி மூக்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன்தான். சொந்தத்துக்குள் சொந்தம். இளையவள் மாரிச்செல்வியை அசலில் கொடுத்தார்கள். அவள் புருஷன் மணிகண்டராஜுக்குக் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை.

ஜெயபாண்டி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பதினெட்டு வயதில் திரி வெட்டப் போனவர். அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைக்க வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று மாமனார் வீட்டுக்குள் நுழையும்போதுகூடக் கை தன்னால் போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டது.

"மச்சான் தாழ்ப்பாள் நல்ல இரும்பான்னு பாக்காக" என்று மாரிச்செல்வி சொல்ல, பந்தலே சிரித்தது.

அந்தச் சிரிப்பு மறுவருஷம் அடங்கிப் போனது. மாமனார் களத்தில் சோளத்தட்டையை அடுக்கிய படப்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பக்கத்தில் போன ஜெயபாண்டி மூக்கை உறிஞ்சினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "மாமா, இதை உடனே பிரிங்க" என்றார். ஈரத்தோடு அடுக்கிய தட்டை உள்ளுக்குள் வெந்து, நடுவில் கருகிக் கிடந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் படப்பும் போயிருக்கும், பக்கத்தில் கட்டியிருந்த மாடுகளும் போயிருக்கும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜெயபாண்டி சொல்லுக்கு மறுசொல் இல்லை. மாமனார் பக்கத்து நாற்காலி அவருக்கு. கறிக்குழம்பில் நல்லி எலும்பு அவர் இலைக்கு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமனாரிடமிருந்து போன். பருத்தியா சோளமா, எந்த மாட்டை வைத்துக்கொள்வது என்று எதுவானாலும், "பெரிய மாப்ள என்ன சொல்றீக?"

போன வருஷம் சுந்தரபாண்டிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. காட்டுக்குப் போக முடியாமல் மனுஷன் வீட்டில் அடைந்து கிடந்தார். மணிகண்டராஜ் ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனான். அத்தோடு ஆறு மணி போன் கோயம்புத்தூர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் அடைத்துக் கிடந்த சமயம், ஜெயபாண்டி பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்குப் போனார். தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தால், பக்கத்து நாற்காலியில் போன் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரில் மணிகண்டராஜ்.

"அந்தக் குதிரை ஆட்டம் எப்படி மாமா?"

"குதிரை நல்ல குதிரை மாப்ள. ஆனா மேல உக்காந்திருக்கவன் நாள் பூரா ஓட்டுதான், ஒரு வாய் தண்ணி காட்ட மாட்டேங்கான். அந்தப் பாவத்தை நாம எதுக்குச் சுமக்கணும்னு நிப்பாட்டிட்டேன்."

"விவசாய ஆட்டம்?"

"அதை உண்டாக்குனவன் மானாவாரி பாத்ததே இல்ல. விதைச்ச மூணாம் நாள் அறுப்பு! படைப்புழு இல்ல, பன்னி இல்ல. ஆனாலும் கைய எடுக்க மனசு வரல மாப்ள."

போனுக்குள் மணிகண்டராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க சொல்றதை ஆபீஸ்ல சொன்னேன் மாமா. எல்லாரும் அடுத்தது எப்பன்னு கேக்காங்க."

பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் நம்மிடம் ஒருநாளாவது இப்படி வாய் நிறையப் பேசியிருக்கிறாரா என்று ஜெயபாண்டி நினைத்துக்கொண்டார்.

போன் முடிந்ததும் சுந்தரபாண்டி ஒரு சண்டை ஆட்டத்தைப் போட்டார். சிவப்புப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஒன்றைச் சுட்டால் அத்தனையும் வெடித்தன.

ஜெயபாண்டியால் பொறுக்க முடியவில்லை. "யாரு மாமா இதுக்கு லைசென்ஸ் குடுத்தது? ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி இல்ல. ஒரு மணல் வாளி உண்டா? சரக்கு பக்கத்துல நின்னு துப்பாக்கி சுடுதான்!"

"ஆட்டத்துலயும் போர்மேன் வேலையா மாப்ள?" என்று சொல்லிவிட்டு சுந்தரபாண்டி அடுத்த பீப்பாயைச் சுட்டார். அடுப்படியில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மத்தியானம் கறிச்சோறு. மூக்கம்மாள் நல்லி எலும்பைக் கரண்டியில் எடுத்தாள். "சின்னவரு வாரேன்னு சொல்லியிருக்காராமே, ராத்திரிக்கு இருக்கட்டும்" என்று திரும்பச் சட்டிக்குள் போட்டாள். அதோடு சரி. ஜெயபாண்டி கையைக் கழுவிவிட்டு எழுந்து, நேராகப் போய் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தார். காலையிலிருந்து ஓடிய பெட்டி வெதுவெதுவென்றிருந்தது. பக்கத்திலிருந்த டிவியும் அதே சூடுதான்.

"மாமா, பெட்டி சுடுது."

"அப்படியா மாப்ள?"

"இது நல்ல சூடு இல்ல. வீட்ல வைக்கக் கூடாது."

சுந்தரபாண்டி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்தார். வயரைப் பிடுங்கினார். ஊன்றுகம்போடு தானே நடந்துபோய்ப் பெட்டியை மாட்டுத் தொழுவத்துக்கு அப்பால் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தார். "பெரிய மாப்ள நெருப்பு விஷயத்துல சொன்னா சொன்னதுதான்" என்றார் மூக்கம்மாளிடம்.

ஜெயித்த ஜெயபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமனார். ஆனால் பேச்சில்லை. மாமனார் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் சோளத்தைப் பற்றிப் பேச முடியும்? "மழை பரவாயில்ல." "ஆமா மாமா." அவ்வளவுதான்.

மூணு மணி வாக்கில் மணிகண்டராஜிடமிருந்து ஜெயபாண்டிக்கே போன் வந்தது. குரலில் பதற்றம்.

"அண்ணே, மாமா சொன்னாக. இங்கன வீட்டுலயும் அதே பெட்டிதான். பிள்ளை தொட்டில் பக்கத்துலதான் கிடந்துச்சு. வெளிய தூக்கி வச்சுட்டு, சரி பண்ணுற ஆளைக் கூப்பிட்டிருக்கேன். இன்னைக்கு வர முடியாதுண்ணே. நல்லவேளை, நீங்க பாத்தீக."

"சரி சகல" என்று ஜெயபாண்டி போனை வைத்தார்.

ஆகாதவன் என்று நினைத்தவனும் அந்தச் சொல்லை நம்பிவிட்டான். சரி பண்ண வருகிற ஆள் ஒன்றுமில்லை என்றுவிட்டால், இனி இந்த வீட்டில் நிஜமாகவே ஒன்று சுடும் அன்றைக்கு நம் சொல்லை யார் நம்புவார்கள்? அதை நினைத்ததும் ஜெயபாண்டி எழுந்தார். போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் தாழ்ப்பாளைத் தொட மறந்தார்.

"மாமா, பெட்டியில ஒண்ணுமில்ல. நாந்தான் சும்மா சொன்னேன்."

"ஏன் மாப்ள?"

"என்னமோ... நீங்க அவருட்டயே பேசிக்கிட்டு இருந்தீக."

சுந்தரபாண்டி ஏசவில்லை. "படப்பைப் பிரிக்கச் சொன்ன வாய் மாப்ள, அது" என்றார். பிறகு, "சின்னவருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னார். சகலையிடம் ஒன்றும் மறைக்கவில்லை. மணிகண்டராஜ், "போங்கண்ணே, பிள்ளைய நினைச்சுப் பயந்தே போனேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். கோபம் வராமல் என்ன செய்யும்?

அன்றிரவு மூக்கம்மாள் நல்லி எலும்பை யார் இலையிலும் வைக்கவில்லை. தன் தட்டில் போட்டுத் தட்டித் தட்டி உறிஞ்சினாள்.

நாலாம் நாள் ஜெயபாண்டி அச்சங்குளத்து வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தார். மணி ஆறு. போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, அந்தப் பீப்பாய் ஆட்டத்தை இன்னைக்கு நல்லா கவனிச்சேன். நீங்க சொன்னது சரிதான். ஒரு மணல் வாளி இல்ல. ஒரே வாசல் வேற. உள்ள இருக்கவன் எப்படி வெளிய ஓடுவான்?"

ஜெயபாண்டிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "ரெண்டு வாசல் வேணும் மாமா. கதவும் வெளிப்பக்கமாத் திறக்கணும்" என்று ஆரம்பித்தார். பாதியில் வாய் நின்றது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, இதை சகலைட்டயும் சொல்லியாச்சா?"

"அவருக்குத்தான் மொதல்ல போட்டேன் மாப்ள. எடுக்கல, டூட்டில இருப்பாரு போல."

ஜெயபாண்டி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"சரி, அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாத்தீகளா?" என்றார். டீ ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.