ஐந்தாம் நம்பர் பாயிண்ட்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீசியனாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் தோட்ட மேனேஜரான துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். விளக்கு எரியவில்லை போலும் என்று பல்பு இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விளக்கெல்லாம் ஜோராக எரிந்துகொண்டிருந்தன. பின்னறையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் குட்டிக் கோச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ரயிலை எங்கள் மலையில் கோச்சி என்றுதான் சொல்வோம். "பொம்மைக் கோச்சிங்களா?" என்று கேட்டுவிட்டேன். துரையின் முகம் சுருங்கிப்போனது. "பொம்மை இல்ல, மொடல்" என்றார். அவர் சிங்களவர். வேலை வாங்குவதற்காகப் பழகிய தமிழ் அவருடையது. பட்டிப்பொல ஸ்டேஷனையும் சுரங்கப்பாதையையும் அச்சாகச் செய்துவைத்திருந்தார். மண்ணுக்குப் பதிலாக எங்கள் தொழிற்சாலைத் தேயிலைத் தூளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒரு பிடித் தூளை மடியில் கட்டிக்கொண்டு போனதற்காக ஒருவனை வேலையை விட்டு நிறுத்திய அதே துரைதான்.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். பலகையில் எட்டுப் பாயிண்ட்கள் இருந்தன. அதுவரை ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து அவருடைய தம்பி ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார். பார்வைக்கு டைப்ரைட்டரின் மேல்பாதி மட்டும்தான். டீவியில் மாட்டினால் எழுத்து தெரியும். அதில் எண்ணைத் தட்டினால் பாயிண்ட் தானாகத் திரும்ப வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. அதைச் செய்வது என் வேலை.

துரை புத்தகத்தை இங்கிலீஷில் வாசித்துச் சொல்வார், நான் வயர் இழுப்பேன். ஒவ்வொரு பாயிண்ட்டின் அடியிலும் இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள். ஒன்று நேர்ப்பாதைக்கு இழுக்கும், மற்றது கிளைப்பாதைக்கு. பூச்சியம் என்றால் நேர், ஒன்று என்றால் கிளை. கம்ப்யூட்டரிலிருந்து வரும் கரண்ட் கொசுவைக்கூட அசைக்காது. அதனால் நடுவில், பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே வைத்தேன். கண்சிமிட்டும் நேரத்துக்கு மட்டுமே காயிலுக்குக் கரண்ட் போகலாம். கூடினால் கருகிவிடும். முதல் வாரத்தில் ஒன்றைக் கருக்கினேன். அந்த நாற்றத்துக்குத் துரைசாணி போட்ட சத்தம் கொழுந்து மலைவரை கேட்டிருக்கும்.

இரண்டு மாதத்தில் எட்டும் வேலை செய்தன. ஒரு குறை மட்டும் கடைசிவரை இருந்தது. நாம் கொடுத்த உத்தரவுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தண்டவாளம் உண்மையில் திரும்பியதா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. திரையில் ஐந்துக்கு நேராக 'ஒன்று' என்று நின்றுகொண்டிருக்கும், பாயிண்ட் அசைந்தே இருக்காது. அதனால் நான் திரையைப் பார்ப்பதில்லை. 'டக்' என்று சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

அந்த மாதத்தில்தான் அக்காவுக்கு இந்தியா போகும் தேதி வந்தது.

அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தது அக்கா. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கொழுந்து பறித்து, என்னை ஹட்டனுக்கு வயரிங் படிக்க அனுப்பியதும் அவள்தான். எந்த நாட்டுப் பிரஜை என்று எங்கள் ஆட்களைப் பதியச் சொன்ன காலத்தில், அத்தானின் அப்பா இந்தியாவுக்குப் பெயர் பதிந்திருந்தார். எங்கள் அப்பா சிலோனுக்குப் பதிந்தார். இரண்டு பேருமே எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அத்தான் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தலவாக்கலையில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பல் ஏற வேண்டும்.

அப்படி ஆட்களை ஏற்றிப் போகும் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். பிளாட்பாரமே ஒப்பாரி வைக்கும். பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்களை வழியனுப்பப் போய், சொந்தம்கூட இல்லாதவர்களுக்காக நான் விக்கி விக்கி அழுதிருக்கிறேன். அக்காவின் தேதி தெரிந்தபோது கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். நெஞ்சு மரத்துப்போய்க் கிடந்தது.

"நீ சாமான் தூக்க வேணாம், அழவும் வேணாம். ஸ்டேஷனுக்கு மட்டும் வந்துரு. ஒம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் ஏறணும்" என்றாள் அக்கா.

"வர்றேங்க்கா" என்றேன்.

அவள் புறப்படும் நாள் காலை லீவு சொல்லப் பங்களாவுக்குப் போனேன். கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். துரை அவர்களுக்குக் கோச்சி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "பாரு எலக்ட்ரீசியன், டீவி சொல்றது திரும்பினது. பாயிண்ட் திரும்பல்ல. ஏன்?" குட்டிக் கோச்சி ஐந்தாம் நம்பர் பாயிண்ட்டில் கவிழ்ந்து கிடந்தது.

"தொர, இன்னைக்கி அக்கா இந்தியா போறாங்க. ஸ்டேஷனுக்குப் போகணுங்க."

"தெரியும், தெரியும். இத செய்து போ. கோச்சிக்கு நேரம் இருக்குதானே."

நேரம் இருந்தது. அவர்மேல் பழி போட எனக்கு வழியில்லை. குனிந்து பார்த்த இரண்டாவது நிமிடமே கோளாறு தெரிந்துவிட்டது. மழைக்கால ஈரத்தில் பசை இளகி, ஒரு தேயிலைத் துணுக்கு தண்டவாளத்துக்கு நடுவில் ஊறி உப்பிக் கிடந்தது. குண்டூசியால் கிளறி எடுத்தேன். ஐந்தைத் தட்டினேன். டக். வேலை முடிந்தது.

நான் எழும்பவில்லை. ஆறாவதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஏழு, எட்டு. பிறகு ஒன்றிலிருந்து மறுபடியும். யாரும் செய்யச் சொல்லவில்லை. விருந்தாளிகள் தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டார்கள். நான் பலகைக்கு அடியில் படுத்து, கெட்டுப்போகாத வயர்களையெல்லாம் அவிழ்த்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். கீழே பள்ளத்திலிருந்து கோச்சி கூவியது. ஸ்டேஷனில் நின்று, புறப்படும்போது திரும்பவும் கூவியது. என் கை ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே இருந்தது.

துரை எட்டிப் பார்த்தார். "நீ இன்னம் போகல்லயா?" அவர் முகத்தில்தான் பதற்றம் இருந்தது. "ஜீப் எடுக்கவா?"

"வேணாங்க தொர. போயிருச்சிங்க" என்றேன்.

பயந்துதான் போகாமல் இருந்தேன். அவளைப் பார்த்தும் அழுகை வராமல் மரம்போல நின்றுவிடுவேனோ என்ற பயம். அதை அவள் பார்த்துவிடக் கூடாது. இதுகூட எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

மூன்று மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. ஐந்தாம் வகுப்பு எழுத்து. "தம்பிக்கு, நல்லபடியா வந்து சேந்தோம். இங்கயும் தேயிலதான், குளிருதான். ஸ்டேஷன்ல நீ தண்ணி டாங்கி பக்கத்துல நின்னதப் பாத்தேன். நீலச் சட்ட. கோச்சி எடுக்கிற வரைக்கும் கையக் காட்டுனேன். நீ காட்டல. ஒனக்கு நெஞ்சு அடச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ வந்ததே போதும்."

அவள் கோச்சி ஏறிய அன்று என் நீலச் சட்டை லயத்து வாசலில், கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் தபால் கந்தோருக்குப் போய் ஏர்மெயில் தாள் வாங்கி, நின்றபடியே பதில் எழுதினேன். "ஆமாக்கா, தண்ணி டாங்கி பக்கத்துலதான் நின்னேன்."