அம்மா எடுத்த படங்கள்

ஆறாம் ஆண்டு படிக்கையில் நான் என் முகத்தோடு மல்லுக்கட்டினேன். வலய மட்டச் சித்திரப் போட்டிக்கு அவரவர் தம் முகத்தை வரைய வேண்டும். அதைப் பார்த்து வரைய முதலில் நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றார் சித்திரம் படிப்பிக்கும் சேர்.

அப்பாவின் போனில் எடுத்ததைக் கொண்டுபோனேன். அந்தப் போன் யாரையும் கேட்காமல் முகத்தில் பவுடர் அப்பிவிடும். கறுப்பியான நான் அதில் பாலப்பம் போல வெளுத்திருந்தேன்.

"இது ஆர்ர முகம் புள்ள?" என்றார் சேர். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், முதற்பரிசு எனக்குத்தான் என்று.

நல்ல காலம், அந்தக் கிழமை அம்மாவுக்குப் புதுப் போன் வந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்ததால் வாங்கியது. நானோ என் சித்திரத்துக்காகவே வாங்கினார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா போனால் திரும்பி வரத்தானே போகிறார், அதற்கென்ன என்பது என் எண்ணம்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது சேரின் கட்டளை. வீட்டுக்குள்ளோ இருட்டு. ஆகவே பின்னேரம் அம்மா என்னை வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், கட்டிக்கிடந்த தோணியில் இருத்தினார். வெயில் ஒரு கன்னத்தில் விழுந்தது. தண்ணீரில் பட்டுத் தெறித்த வெளிச்சம் நாடிக்குக் கீழே ஆடியது.

"இஞ்சால கிறுகு மகள். ஆ, அப்படியே இரி."

முகம் எடுத்து முடிந்தும் அம்மா நிறுத்தவில்லை. என் கையை எடுத்தார், பின்னலை எடுத்தார், சேறு பட்ட காலையும் எடுத்தார்.

"முகம் மட்டும்தான் அம்மா வேணும். கால ஏன் எடுக்கிறீங்க?"

"இருக்கட்டுமே. உனக்கென்ன கா?"

அடுத்த நாட்களில் நான் சோறு தின்னும்போதும் எடுத்தார், நித்திரையிலும் எடுத்தார். போட்டியின் விதி தெரியாத மனுசியோடு என்ன செய்வது என்று எனக்குச் சலித்துப்போனது.

ஒரேயொரு படத்தை அச்செடுத்து, மேலே கட்டம் போட்டு வரைந்தேன். நாடிக்குக் கீழிருந்த வெளிச்சத்தையும் விடவில்லை.

"அதில நிழல்தானே வரவேணும்?" என்றார் சேர்.

"போட்டோவில இப்படித்தான் இருக்கு சேர்." அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

போட்டியில் மற்றப் பிள்ளைகளின் முகங்களெல்லாம் அடையாள அட்டைக்கு நின்றவை போல நேரே முறைத்தன. என் முகம் மட்டும் வாவிக்கரையில் இருந்தது. முதற்பரிசு எனக்கே! பவுடர் இல்லாமல், என் கறுப்பு முகத்தோடேயே வென்றேன். கால் நிலத்தில் பாவவில்லை. அந்தச் சந்தோசம் இன்றைக்கும் குறையவில்லை.

அம்மா அப்போது குவைத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்ததும் சான்றிதழைத் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

"என்ட புள்ள!" என்று அம்மா சிரித்தார், அழுதார், பிறகும் சிரித்தார்.

வென்றவளுக்குத் தாராள மனமும் வந்துவிடுகிறது. இத்தனை படங்களால் அம்மாவின் போன் நிறைந்திருக்குமே என்று இரக்கப்பட்டேன்.

"இனி அந்தப் படமெல்லாம் தேவையில்ல அம்மா. எல்லாத்தையும் அழிச்சிருங்க."

திரையில் அம்மாவின் முகம் அப்படியே அசையாமல் நின்றது. கவரேஜ் இல்லையாக்கும் என்று நினைத்து, சான்றிதழை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன்.