பூனையை நான்தான் ஓட்டினேன்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகள் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பத்தாவது வயதில், ஒரு கோடை விடுமுறையில், அப்பா திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறார் என்று நான் கண்டுபிடித்தேன். அந்த ரகசியத்தைப் பல வருஷம் கட்டிக் காத்தும் வந்தேன்.

அந்த வருஷம் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அப்பா மாகறலில் தம்பிக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டு வந்திருந்தார். சித்தப்பா முடியாது என்றுவிட்டார். பெண் வீட்டார் முன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு. அதோடு பேச்சு நின்றது. கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுத் தறியில் அது நடக்காது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா தறிக்கடியில் தோண்டிய பள்ளத்தில் காலை விட்டு நடுவில் உட்காருவார். சித்தப்பா வலப்பக்கம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே போடுவார். அவர் போட்டு முடித்தால்தான் இவர் இழையை நெருக்கி அடிக்க முடியும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அவர்கள் கை கேட்டுக் கை கொடுத்தார்களோ, வாய் மட்டும் திறக்கவில்லை.

தறியில் இருந்தது மூன்று புடவைக்கு நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு. அது முடிந்ததும் ஆரணியில் சிநேகிதன் வீட்டுத் தறிக்குப் போய்விடுவதாக சித்தப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் போகக் கூடாது எனக்கு. பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கூட்டிப் போவதும், கணக்கில் நான் வாங்கும் மதிப்பெண்ணை வீட்டில் சொல்லாமல் விடுவதும் அவர்தான். மூன்றாவது புடவை தொடங்கியிருந்தபோதுதான் அந்தச் சாம்பல் நிறப் பூனை வந்தது.

வெயிலுக்குத் தறிப் பள்ளம் ஜில்லென்று இருக்கும். சாப்பாட்டு வேளையில் ஜன்னல் வழியாகக் குதித்து அதில் போய்ச் சுருண்டுகொள்ளும். நகம் பட்டால் பட்டு இழை அறுந்துவிடும். முதல் நாள் ஏழெட்டு இழை போயிற்று.

“ஜன்னல தொறந்து போட்டா பூனை வராம யான வருமா?” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

“எனக்கு மட்டுமா காத்து வருது? எல்லாருக்குந்தான் வருது,” என்றார் சித்தப்பா, விட்டத்தைப் பார்த்து.

நாலு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. நான் பயந்துபோனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் வைத்தியம்தான். ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோலைக் கேட்டு வாங்கி வந்து சித்தப்பா ஜன்னலில் பரப்பினார். பூனை அதைத் தாண்டி வந்து படுத்தது. தெருவில் நாய்க்கு வைக்கிற மாதிரி பாட்டிலில் நீலத் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டார் அப்பா. “ஆமா, பூனை பயந்துக்கினு ஓடிப்போய் போலீஸ்ல சொல்லப்போவுது” என்றார் சித்தப்பா. கற்பூரம் வைத்தார்கள். பிறகு மிளகாய்த் தூள். மின்விசிறி போட்டதும் தூள் பறந்து, பூனையைத் தவிர எல்லோரும் தும்மினோம்.

“இந்த ரோசன யாருது?” என்றார் அப்பா.

“யாரோ தெனம் பால் வெக்கிறாங்களே, அவங்கள கேக்கணும்!”

“பால் வெச்சது நானா? கண்ணால பாத்தியா நீ?”

கண்ணில் நீர் வழிய இருவரும் கத்திக்கொண்டார்கள். அப்பா ‘நீ’ என்றதை நான் கவனிக்கவில்லை. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவின் முகத்தில் மட்டும் சிரிப்பு. வீடு பற்றி எரிகிறது, இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

என் கணக்கு மிகவும் எளிமையானது. பூனை வந்தால் சண்டை, சண்டை வந்தால் சித்தப்பா போய்விடுவார், ஆகவே பூனையை ஓட்ட வேண்டும்.

புடவைப் பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்தேன். எல்லோரும் சாப்பிடும்போது ஜன்னல் கட்டையிலும் பள்ளத்தின் விளிம்பிலும் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி வைத்தேன். பூனை குதித்தது. முன்னங்கால் இரண்டும் ஒட்டிக்கொள்ள, மிரண்டுபோய் ஒரு துண்டு டேப்போடு அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவி ஓடியது. பெரியவர்கள் ஒரு மாதம் போராடியதை நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன். பின்னால் பூக்கடை வாசலில் அதைப் பார்த்தேன். காலில் டேப் இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டது.

மறுநாள் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. சண்டை ஓய்ந்தது என்று நான் பூரித்துப்போய் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். “நல்லா கெடுத்த போ” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நாலாம் நாள் ஜன்னலில் டேப்பை யாரோ உரித்துப் போட்டிருந்தார்கள். விடுவேனா? புதிதாக ஒட்டினேன். அன்றைக்கே நூல் சுற்றிய தார்களைப் போட்டுவைக்கும் பெட்டியில் கையை விட்டபோது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தேன். குடலைப் பிரட்டும் வாடை. நெத்திலிக் கருவாடு.

அந்தப் பெட்டியை அப்பா தவிர யாரும் தொடுவதில்லை. நெற்றி நிறைய விபூதி பூசுகிற, காமாட்சி கோயிலுக்குப் போகாமல் வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் குடிக்காத என் அப்பா! பச்சையாகவா தின்பார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பொட்டலத்தைப் பாவாடையில் மறைத்து எடுத்துப்போய்ச் சாக்கடையில் எறிந்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சாயங்காலம் அப்பா பெட்டியைத் துழாவுவதைப் பார்த்துப் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன்.

“நான்தாம்பா எறிஞ்சிட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ இனிமே சாப்பிடாதப்பா.”

அப்பா என்னையே பார்த்தார். காலியாக இருந்த சித்தப்பாவின் இடத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“சரிம்மா,” என்றார். “அம்மாகிட்ட சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போன காலத்தில், பஸ்ஸில் ஒரு கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், அந்தப் பொட்டலம் பூனையை வரவழைக்க என்பது எனக்கு உறைத்தது. தம்பி மறுபடி இரண்டு வார்த்தை திட்டமாட்டானா என்று ஏங்கி வாங்கியது என்று சொல்வதைவிட, பெற்ற பெண்ணிடம் கருவாடு தின்றவன் என்று பேர் வாங்குவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பஸ்ஸிலேயே அழுதேன். இப்போது இருவரும் விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆரணியில் மழையா, இங்கே வெயிலா என்ற அளவுக்குப் பேச்சும் உண்டு.

அந்தக் கோடையில், மூன்றாவது புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த அன்று சித்தப்பா பையோடு வாசலில் நின்றார். அப்பா வெற்றுத் தறியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா படியில் இறங்காமல், என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

“அந்தப் பூனை அப்பறம் வந்துச்சாம்மா?”

அப்பா நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் முந்திக்கொண்டேன்.

“அதான் பூனைய நான் ஓட்டிட்டேனே சித்தப்பா! இன்னும் ஏன் போற?”

அப்பா மறுபடி குனிந்துகொண்டார்; சித்தப்பா படி இறங்கினார்.