மைக்கில் நான் கூப்பிட்ட பெயர்

போன வருஷம் பங்குனித் திருவிழாவில், பெரிய காஞ்சிபுரத்தில் தேர் புறப்பட்ட காலையில், என் மூன்று வயது மகன் கூட்டத்தில் காணாமல் போனான்.

அதைச் சொல்வதற்கு முன் அவன் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் ஏகாம்பரம். எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமியின் பெயர். அங்கே இருக்கும் ஒற்றை மாமரத்தை வைத்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் இங்கே தெருவுக்கு நாலு ஏகாம்பரம் இருந்தார்களாம். இப்போது, இந்த வருஷம் சேர்த்த ப்ளேஸ்கூலில், என் மகன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் ஆத்விக், ரித்விக். கர்ப்பமாக இருந்தபோது நானும் அந்த மாதிரிப் பெயர்களைப் போனில் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் என் கணவர் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான் வைப்பார்கள். தலையாட்டிவிட்டேன். பெரியவன் ஆனதும் என்னைக் கோபித்துக்கொள்வானோ என்ற கவலை அன்றிலிருந்தே எனக்கு உண்டு.

தாத்தா என்றால் என் மாமனார். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள், கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஆனாலும் மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, "ஏகாம்பரம், மூக்குல இருந்து கைய எடு" என்று எப்படி அதட்டுவது? மாமியாருக்கோ அது கணவர் பெயர், வாயில் வரவே வராது. அதனால் பையன் எனக்கும் என் கணவருக்கும் தங்கம், அத்தைக்குச் சாமி. பெயர் சூட்டிய அன்று காதில் சொன்னதோடு சரி.

அன்று தேர் அசைந்ததும் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. என் கைக்குள் இருந்த சின்னக் கை இல்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமனார் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வடம் பிடிக்க முன்னாலேயே போயிருந்தார். நானும் அத்தையும் பக்கத்து மோர்ப்பந்தலுக்கு ஓடினோம். அங்கே மைக் இருந்தது.

"கொழந்த பேரு இன்னாம்மா?" என்றார் மைக் வைத்திருந்தவர்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்.

"சாமி பேருப்பா" என்றார் அத்தை.

"எந்தச் சாமிம்மா? இந்த ஊர்ல எத்தினி சாமி இருக்குது!"

"அதாம்பா, மாமரத்தடில இருக்காரே..."

"யம்மா, கொழந்தயத் தொலச்சிட்டு விடுகதை போட்டுக்கினு இருக்கீங்களே!"

"அவரு பேர நான் எப்படிப்பா சொல்றது?"

"எவரு பேரு? காணாப் போனது கொழந்தயா, உன் வூட்டுக்காரரா?"

"கொழந்ததாம்பா!" என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "டேய் ஏகாம்பரம்! எங்கடா போய்த் தொலஞ்ச? மரியாதையா மோர்ப்பந்தலுக்கு வந்துடுடா!"

தெரு முழுக்க ஒலித்தது.

முதலில் ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்தார். அடுத்து ஒரு பலூன்காரர். பின்னாலேயே தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர். மூன்று பேருமே ஏகாம்பரம். "எங்கம்மா கொரல் மாதிரியே இருந்துச்சும்மா, அது போய்ச் சேர்ந்து வருசமாச்சேன்னு வெலவெலத்துட்டேன்" என்றார் பெரியவர். விஷயம் தெரிந்ததும் மூவரும் ஆளுக்கொரு பக்கமாக "ஏகாம்பரம்! ஏகாம்பரம்!" என்று கூவிக்கொண்டு கிளம்பினார்கள். பக்திப் பரவசம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமனார் வந்தார். தோள்மேல் என் மகன், வாயெல்லாம் பஞ்சுமிட்டாய். தாத்தாவைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடியிருக்கிறான்.

"ரெண்டு பேருமே வந்துட்டோம்மா" என்றார் மாமனார். "திட்டு யாருக்கு, மோரு யாருக்கு?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மகனை வாங்கி இறுக்கிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டான்: "அம்மா, தாத்தாவ ஏன் திட்டுன?"

அப்போதுதான் உறைத்தது. அது தன் பெயர் என்றே என் பிள்ளைக்குத் தெரியாது. யாராவது அவனைத் தூக்கி வைத்துப் பெயர் கேட்டிருந்தால், தங்கம் என்றுதான் சொல்லியிருப்பான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், மாமனார் காதில் விழவே, அவனுக்கு அவன் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடந்தேன். மாமனார் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை அடுப்பங்கரையிலிருந்து அத்தையின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "ஏகாம்பரம், காப்பி ஆறிப்போவுது பாரு."

என் மகன் காப்பி குடிப்பதில்லை. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

பழைய பெயரை வைத்துவிட்டோமோ என்ற கவலை இப்போதும் சில நாள் வரத்தான் செய்கிறது. வரும்போதெல்லாம், ஒரு கூப்பாட்டுக்கு ஓடி வந்து, திட்டையும் வாங்கிக்கொண்டு, என் பிள்ளையைத் தேடக் கிளம்பிய அத்தனை ஏகாம்பரங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.